ஞாயிறு ஆட்டம்: டிஸ்க் எடை கவனிக்கவும்

மக்களே, ஞாயிறு காலை 6 மணி, பெசன்ட் நகர் பீச்ல டிஸ்க் கோல்ஃப் (பறக்கும் தட்டை இலக்கை நோக்கி வீசுற ஆட்டம்). இந்த முறை 150 கிராமுக்கு மேல் டிஸ்க் கிடையாது.

'அல்டிமேட்ல (தட்டை வீசிப் பிடிக்கிற டீம் ஆட்டம்) 175 கிராம்தானே வீசுறோம்'னு கேட்பீங்க. அது அகலம், விளிம்பு மழுங்கல். டிஸ்க் கோல்ஃப்ல தூரமா வீசுற 'டிரைவர்' டிஸ்க் சின்னது, விளிம்பு கூர், வேகமும் அதிகம். நெற்றியில பட்டா தையல்தான். பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதி, விட்டத்தில் ஒரு செ.மீ.க்கு 8.3 கிராம் வரை விடுது, அதாவது 21.2 செ.மீ. டிஸ்க் சுமார் 176 கிராம். வாக்கிங் போறவங்க நடுவுல அது நமக்கு வேண்டாம்.

அடியில மார்க்கர்ல எழுதின எடையைப் பாருங்க. அழிஞ்சிருந்தா என் கிச்சன் தராசு இருக்கு. லேசான டிஸ்க் கடல் காத்துல அலையும், உண்மைதான். அதுக்குத்தான் சீக்கிரம் ஆரம்பிக்கிறோம். குறுக்கே ஆள் வந்தா, யாரா இருந்தாலும், கையை இறக்கிடுங்க.