மாரிக்கு முன் எங்கள் வீதிக்குக் கலி பவுசர் (மலசலகூடக் கழிவை உறிஞ்சி எடுக்கும் வண்டி) கேட்டு மூன்றாவது மனு

செயலாளர் அவர்கள்,
பிரதேச சபை.

மதிப்புக்குரிய ஐயா,

விடயம்: மலசலகூடத் தாங்கிகளை மழைக்கு முன், வீதி வாரியாகத் துப்புரவாக்கித் தருதல்

சனசமூக நிலையத்துக்குப் பின்னால், வாய்க்கால் கரையோடு போகும் கிரவல் வீதியில் இருக்கும் 14 குடும்பங்கள் சார்பாக இதை எழுதுகிறேன். 2010 இல் மீள்குடியேறியதிலிருந்து இங்கேதான் இருக்கிறோம். இடத்தைத் தங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. போன மாரியில் மதகு உடைந்தபோது தாங்களே வந்து பார்த்தீர்கள். யூன் மாதம் ஒரு கடிதம் தந்தோம். யூலையில் பதிவுத் தபாலில் இன்னொன்று அனுப்பினோம், பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. ஓகஸ்ட் நடமாடும் சேவையில் நேரிலும் சொன்னேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போது புரட்டாசி, ஐப்பசி பிறந்தால் மழை. ஆகவே இந்த மனுவையாவது கடைசிவரை வாசிக்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

1. தாங்கிகள் நிரம்பியது எங்கள் கவனயீனத்தால் அல்ல. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்லித் தந்தபடியே நடக்கிறோம். குசினித் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிட்டோம். கூரைத் தண்ணீர் குழிப் பக்கம் போகாமல் வரம்பு கட்டினோம். நீளத் தடியில் வெள்ளைத் துணி சுற்றி இறக்கிப் பார்த்ததில், 4 அடி ஆழத்தில் ஒன்றரை அடிக்கு மேல் கறுத்த சேறு நிற்கிறது. மூன்றில் ஒரு பங்கு வந்தாலே எடுக்கவேண்டும் என்பது தாங்கள் அறிந்ததே. இனியும் விட்டால் சேறு, தாங்கித் தண்ணீர் மண்ணில் ஊறிப்போகும் ஊறல் குழிக்குப் போய் மண்ணை அடைத்துவிடும். புதுக்குழி வெட்டி வளையம் இறக்கும் செலவை நினைத்தால் பவுசர் காசு ஒன்றுமே இல்லை. சேற்றைக் கரைக்கும் என்று கடையில் விற்கும் பவுடரையும் இரண்டு வீட்டில் வாங்கிப் போட்டார்கள். சேறு ஒரு விரல்கூட இறங்கவில்லை.

2. மழைக்கு முன் என்று நாங்கள் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போன கார்த்திகையில் சபைப் பவுசர் கிடைக்காமல், தனியார் பவுசருக்கு 18,000 ரூபா கொடுத்தேன். நகையை அடைவு வைத்த காசு. நிலத்தடி நீர் மேலே வந்திருந்ததால் ஊறல் குழித் தண்ணீர் திரும்பித் தாங்கிக்குள் வந்து, மூன்றாம் நாளே நிரம்பிவிட்டது. 18,000 ரூபாவுக்கு மழைத்தண்ணீரைத்தான் இழுப்பித்தேன். அதே வேலையைக் கோடையில் செய்திருந்தால் நாலு வருடம் பயமில்லாமல் இருந்திருக்கலாம்.

3. ஐயா, இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். என் அம்மாவுக்கு 71 வயது. 2009 இல் ஷெல்பட்டு ஒரு கால் போனது. ஊன்றுகோலில்தான் நடமாட்டம். போன மாரியில் எங்கள் மலசலகூடம் ஆறு கிழமை பாவிக்க முடியாமல் கிடந்தது. தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகாமல் மேலே வரும். பக்கத்து வீட்டுக்குச் சேற்றுக்குள்ளால் நடக்கவேண்டும். நான் குடை பிடிக்க, மகள் டோர்ச் பிடிக்க, அம்மா ஊன்றுகோலை ஒவ்வொரு தடவையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்து நடந்தார். இரண்டு முறை விழுந்தார். பிறகு ஒரு நாள் கவனித்தேன், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அவர் தண்ணீர் குடிப்பதே இல்லை. தேத்தண்ணி கொடுத்தாலும் "வேண்டாம் பிள்ளை, தாகமில்லை" என்பார். இரவில் எங்களை எழுப்பக் கூடாது என்பதற்காகத் தாகத்தை அடக்கியிருக்கிறார். சலக்கடுப்பும் காய்ச்சலும் வந்து ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தார். ஐந்து நாளும் நான் கூலி வேலைக்குப் போகவில்லை. ஒரு காலோடு முகாமையும் தாண்டி வந்த மனிசி, சொந்த வளவில் ஒரு மலசலகூடம் இருந்தும் தண்ணீர் குடிக்கப் பயப்படுகிறார். இதைவிட என்னத்தை எழுதி நான் தங்களுக்கு விளங்கவைப்பது?

4. நாங்கள் இலவசமாகக் கேட்கவில்லை. சபைப் பவுசரில் 4,000 லீற்றர் என்று எழுதியிருக்கிறது. எங்கள் தாங்கிகள் எல்லாம் ஒரே அளவு: 6 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம். கணக்குப் பார்த்தால் 2,000 லீற்றர் சொச்சம். அடியில் கொஞ்சம் விட்டுத்தான் எடுப்பார்கள், ஆகவே இரண்டு வீட்டை ஒரு லோட்டில் அடக்கலாம். 14 வீட்டுக்கு 7 லோட் போதும். ஒரு லோட்டுக்கு 9,000 ரூபா என்றால் வீட்டுக்கு 4,500. சபைக்கும் டீசல் மிச்சம். பாதிப் பவுசரோடு திரும்பிப் போகிற வண்டிக்கு ஒவ்வொரு வீடும் முழுக்காசு கட்டுவது என்ன நியாயம்?

5. அலுவலகத்தில் ஒருவர், "ஆள் பிடித்து வாளியால் அள்ளுங்கோ" என்றார். குழிக்குள் நிற்கும் வாயு ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? அள்ளியதை எங்கே கொட்டுவது, வாய்க்காலுக்கா? கிணறுகள் கிட்டத்தான் இருக்கின்றன. 1987 இன் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரத்தைச் சபையிடம்தான் ஒப்படைத்திருக்கிறது, கூலிக்காரனிடம் அல்ல.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: மழைக்கு முன் இரண்டு நாள் எங்கள் வீதிக்குப் பவுசரை ஒதுக்குங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு லோட் என்று கட்டணம் எடுங்கள். ஒரேயடியாகக் கட்ட முடியாத வீடுகளுக்கு மூன்று தவணை தாருங்கள். தாங்கி மூடிகளைத் திறந்து வைப்பது, பவுசர் வரக் கிரவல் போட்டுப் பாதையைச் சரிசெய்வது எல்லாம் எங்கள் பொறுப்பு.

இதற்கும் பதில் வராவிட்டால், 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எங்கள் முந்தைய இரண்டு கடிதங்களுக்கும் என்ன நடந்தது என்று கேட்டு விண்ணப்பிப்போம். அந்த நிலைக்குப் போக எங்களுக்கு விருப்பமில்லை. தயவுசெய்து ஐயா, பவுசரை அனுப்புங்கள். மழைக்கு முன் அனுப்புங்கள். இந்த முறை கட்டாயம் வரும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். திகதியை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வாய்க்கால் கரை வீதிக் குடும்பங்கள் சார்பாக
(14 குடும்பங்களின் கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்