இது இலவசம் இல்லையம்மா

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. "இலவச சிகிச்சை எல்லாம் வேண்டாம்ப்பா, தனியார் ஆஸ்பத்திரிக்கு மாறிடுங்க" என்று நீ போனில் சொன்னது மூன்று நாளாக மனசுக்குள்ளேயே ஓடுகிறது. போனில் பதில் சொல்ல வந்தால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எதுவும் இலவசமாக நடக்கவில்லை. நான் பில் கட்டுவதில்லை, அவ்வளவுதான். எனக்காக வேறு யாரோ கட்டுகிறார்கள்.

என் சிறுநீரகம் வேலை செய்யாததால் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்ப் படுக்கிறேன். கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போகும், இன்னொன்றின் வழியாகச் சுத்தமாகித் திரும்பி வரும். நடுவில் இருக்கும் வடிகட்டியை ஒரு கையில் தூக்கிவிடலாம். அதற்குள் நூல் போன்ற குழாய்கள் ஆயிரக்கணக்கில் அடைத்திருக்கின்றன. ஒரு தடவைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் ஆகிறது என்று டெக்னீஷியன் தம்பி சொன்னபோது நான் நம்பவில்லை. நிமிடத்துக்கு அரை லிட்டர், நான்கு மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினான். அந்தத் தண்ணீர், மெஷின், மருந்து, அவன் சம்பளம், என் கையைப் பிடித்துக்கொண்டு வலிக்காமல் ஊசி ஏற்றும் நர்ஸம்மாவின் சம்பளம், எல்லாமே வரிப்பணம்.

படுத்திருக்கும் நேரத்தில் இந்த வைத்தியத்தின் கதையைத் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் என்ற டாக்டர் 1960-ல் கையில் ஒரு குழாயை நிரந்தரமாகப் பொருத்தினார். அதற்குப் பிறகுதான் ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப டயாலிசிஸ் செய்ய முடிந்தது. ஆனால் மெஷின்கள் கொஞ்சம், பணமும் கொஞ்சம். யாருக்குக் கொடுப்பது? ஏழு பேர் கொண்ட குழு ஒன்று அமைத்தார்கள். அதில் ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், ஒரு வங்கிக்காரர், ஒரு இல்லத்தரசி கூட இருந்தார்கள். இவருக்கு வேலை இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள், ஊரில் எப்படிப்பட்டவர் என்றெல்லாம் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். குழு கைகாட்டாதவர் வீட்டுக்குப் போய்ச் சாக வேண்டியதுதான். 1972-ல் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் செலவைப் பொதுப்பணம் ஏற்கும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது. அப்புறம் அப்படிப்பட்ட குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்தப் பக்கத்தைப் படித்த அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். அந்த ஏழு பேர் முன்னால் நான் நின்றிருந்தால்? ரிட்டயர் ஆனவன், பிள்ளை தலையெடுத்துவிட்டாள். என் பெயர் மேலே வந்திருக்காதம்மா.

இன்னொன்று. உனக்கு இதுவரை சொல்லவில்லை. போன மாதம் சிகிச்சை அட்டையைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கும்போது ஒருவர், "எங்க வரிப்பணத்துல எல்லாம் சொகுசா போகுது" என்று என் காதுபடச் சொன்னார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடியற்காலையில்தான் உறைத்தது. அவர் பேசிய விதம் தப்பு, ஆனால் பணம் அவருடையதுதான். முகம் தெரியாத அத்தனை பேரில் நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவரிடம் ஒரு நன்றி சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேனே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

யாருக்கு நன்றி சொல்வது என்பதே குழப்பம்தான். பிரிட்டனில் 1909 ஜனவரி 1 அன்று எழுபது வயது தாண்டிய ஏழைகளுக்கு முதல் தடவையாக வாரம் ஐந்து ஷில்லிங் வரை பென்ஷன் கொடுத்தார்கள். முழுக்க வரிப்பணம். ஆனால் ஜனங்கள் அந்தப் பணத்துக்கு வைத்த பெயர் நிதியமைச்சரின் பெயர், 'லாயிட் ஜார்ஜ்'. அவரும் பாடுபட்டவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. வரி கட்டியவர்களுக்குத்தான் ஒரு பெயரும் இல்லை.

என் சம்பளத்துக்கு வருமான வரி வந்ததே இல்லை. ஆனாலும் சோப்பு வாங்கினாலும் உனக்குப் பேனா வாங்கினாலும் விலையோடு சேர்த்து வரி கட்டியவன்தான் நானும். அதனால் எனக்கு இதில் வெட்கம் இல்லை. அதே சமயம், நான் கட்டியதை எல்லாம் கூட்டினாலும் இந்த மெஷின் எத்தனை நாள் ஓடியிருக்கும்? மீதி நாட்களை மற்றவர்கள் தந்துகொண்டிருக்கிறார்கள். வெட்கப்படாமலே நன்றியோடு இருக்க முடியும் என்று எனக்கு இந்தக் கட்டில்தான் கற்றுக்கொடுத்தது.

சம்பளத்தில் பாதி வரியிலேயே போகிறது என்று போன வருஷம் நீ சலித்துக்கொண்டாய். அப்போது நானும் உனக்கு ஒத்துப் பாடினேன். இப்போது அப்படிப் பாட மாட்டேன். நீ இருக்கும் ஊரிலும் ஒரு கட்டிலில் யாரோ ஒருவருடைய அப்பா படுத்திருப்பார். உன் பணம் அவருக்குப் போகிறது. அவர் சொல்ல முடியாத நன்றியை நான் சொல்லிவிடுகிறேன், வாங்கிக்கொள்.

நீ அனுப்பியதில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றினோம். மீதியை உன் கணக்குக்கே திருப்பி அனுப்பிவிட்டேன், கோபப்படாதே. நாளைக்குக் காலையில் எனக்கு முறை. மத்தியானத்துக்கு மேல் கூப்பிடு, அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

அன்புடன்,
அப்பா