நிக்கோடீமஸ் பற்றி அப்பாவுக்கு

ஹேஸ், கன்சாஸ், அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் விட்டுவிட்டது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் பார்த்தாலும் கோதுமைதான். அங்கே கறுப்பின மக்கள் சொந்த நிலம் வைத்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் நிக்கோடீமஸ் வரும். போய்ப் பார்த்ததிலிருந்து என் நினைப்பெல்லாம் அந்த ஊர்தான்.

அடிமை வாழ்விலிருந்து மீண்ட மக்கள் 1877இல் கென்டக்கி மாநிலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அமைத்த ஊர் அது. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் காலத்தில் அரசு 160 ஏக்கர் தரும். ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் நிலம் சொந்தமாகிவிடும். வாரத்துக்கு உழுது, விளைந்ததில் பாதியை அளந்து கொடுத்தே காலம் தள்ளிய நம் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அந்த ஆசை எவ்வளவு பெரிது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

வந்து பார்த்தால் வெட்ட வெளி. வீடு கட்ட மரம் கிடையாது. மண்ணைக் குடைந்து, அந்தக் குழிகளுக்குள் குடியிருந்தார்கள். 1878இல் வந்த வில்லினா ஹிக்மன் என்ற பெண் ஊர் எங்கே என்று தேடியிருக்கிறார். தரையிலிருந்து எழுந்த புகையைக் கணவர் காட்டியதும் அழுதுவிட்டாராம். பலர் திரும்பிப் போனார்கள். உழ மாடும் குதிரையும் போதாமல், தங்கியவர்கள் மண்வெட்டியாலேயே நிலத்தைக் கொத்தினார்கள். முதல் குளிர்காலத்தில் வேட்டை முடிந்து அந்த வழியே வந்த ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்து உதவியிருக்கிறார்கள்.

சில வருஷங்களிலேயே பள்ளி, தேவாலயங்கள், விடுதி, கடைகள் எல்லாம் வந்துவிட்டன. அங்கே குடியேறிய எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலக் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்தலில் வென்றார். அந்தக் காலத்தில் ஒரு கறுப்பருக்கு அது எத்தனை பெரிய பதவி!

ஊரைச் சாய்த்தது ரயில்தான். தண்டவாளம் தங்கள் ஊர் வழியாக வர வேண்டுமென்று, ஒரு ரயில் கம்பெனிக்குக் கொடுக்க 16,000 டாலர் கடன் பத்திரம் வெளியிட ஊரார் ஓட்டுப் போட்டும் அந்தக் கம்பெனி வரவில்லை. 1888இல் வேறொரு கம்பெனி ஆற்றுக்குத் தெற்கே பாதை போட்டது. வியாபாரிகள் கடைகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் அடங்கவே இல்லை. உழுதவர்கள் மட்டும் நிலத்தை விடவில்லை. 1930களின் வறட்சியும் புழுதிப் புயலும் அவர்களிலும் பெரும்பாலோரைக் கிளப்பிவிட்டன.

இப்போது மிஞ்சியிருப்பது சில குடும்பங்கள்தான். 1996இல் அரசு அதைத் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்திருக்கிறது. ஆனாலும் ஜூலைக் கடைசியில், எங்கெங்கோ இருக்கும் பேரன் பேத்திகள் எல்லாம் வந்து கூடுகிறார்கள். நம் ஊர்த் திருவிழாவுக்குச் சென்னையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வருவார்களே, அதேதான். இந்த வருஷம் நானும் போகிறேன். வயதானவர்களிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

மேட்டூரில் எப்போது திறக்கிறார்களாம்? குறுவைக்குப் பணம் தேவைப்பட்டால் தயங்காமல் சொல்லுங்கள். அம்மா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அன்பு மகன்,
செந்தில்