சில்லுக்கு அடை வைத்த கல்லை யார் எடுப்பது?

நிலாவெளி வீதியிலும் கண்டி வீதியிலும் லொறி, டிப்பர், பட்டா என்கிற சின்ன லொறி, பஸ் ஓட்டுகிற அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும், முக்கியமாக உங்களோடு உதவிக்கு வருகிற பெடியன்மாருக்கும்,

வணக்கம். நான் நிலாவெளியிலிருந்து திருகோணமலை ரவுணுக்கு ஒவ்வொரு நாளும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவன். போக 15 கிலோமீற்றர் அளவில், வர அதே 15. விடியப்புறம் ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். உங்களுக்கு என் முகம் தெரியாது, முதுகு தெரிந்திருக்கும். பின் கரியரில் நீலச் சாப்பாட்டுப் பை கட்டியிருக்கும்.

விசயத்துக்கு வருகிறேன். இரவில் ரயர் போனால் லொறியைக் கரையில் விட்டு, சில்லுக்குப் பின்னால் கல் அடை வைத்து, இருபதடி தள்ளி ஒரு குழையை முறித்துப் போட்டு, ஜக் அடித்து ரயரை மாற்றுகிறீர்கள். எல்லாம் சரி, வேறு வழியும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் ஜக்கும் ஸ்பானரும் ஏறுகிறது, பெடியனும் ஏறுகிறான், கல் மட்டும் நடுரோட்டில் நிற்கிறது. குழை காய்ந்து சருகாகிக் காற்றோடு போய்விடும். கல் எங்கே போகும்?

போன மாரியில் ஒரு நாள், சாம்பல்தீவுப் பாலத்துக்குக் கிட்ட, நல்ல இருட்டு, தூறலும் இருந்தது. எனக்கு முன்னால் ஒரு மீன்காரத் தம்பி மோட்டார் சைக்கிளில் போனார், பின்னால் பெரிய ரெஜிபோம் பெட்டி. நூறு யார் தூரத்தில் முன்னால் அவருடைய சிவப்பு லைட் ஒரு துள்ளுத் துள்ளிச் சரிந்ததைக் கண்டேன். போய்ப் பார்த்தால் தேங்காய் அளவில் ஒரு கருங்கல், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தார் ரோட்டு முழுக்கச் சூடை மீனும் ஐஸ் கட்டியும், லைட் வெளிச்சத்தில் எல்லாம் மினுங்குகிறது. தம்பியின் முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் சாறன் வரைக்கும் வழிகிறது, அவர் அதைப் பார்க்காமல் மீனைப் பொறுக்குகிறார். 1990க்கு அடிக்கட்டுமா, காசு இல்லாமல் அம்புலன்ஸ் வரும் என்று கேட்டேன். “வேண்டாமண்ணை, அவங்கள் வாறதுக்குள்ள மீன் பழுதாப் போயிடும்” என்றார்.

என்னைப்போல இன்னொரு சைக்கிள்காரரும் நின்றுவிட்டார். அவர் தொலைபேசி டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு வாகனங்களை மறிக்க, நான் மீனைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுக் கல்லைத் தூக்கப் போனேன். முதலாவது கல்லைக் கரையில் போட்டாயிற்று. இரண்டாவதை வயிற்றோடு அணைத்துக் கரைக்குக் கொண்டுபோகும்போது ஒரு பஸ் வந்தது. எந்த பஸ் என்று சொல்லப் போவதில்லை, இலக்கமும் ஞாபகமில்லை. ஹோர்னை அழுத்தின கை எடுக்காமல் வந்து, என் குதிக்காலை உரசாத குறையாகத் திருப்பி, கதவில் தொங்கின பெடியன் “ரோட்டிலயோ விளையாடுறியள்?” என்று கத்திக்கொண்டு போனான். தம்பி, உன் பஸ் ஏறாமல் இருக்கத்தான் அந்தக் கல்லை நான் தூக்கிக்கொண்டு நின்றேன். இரண்டு நாள் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை.

(மீன்காரத் தம்பி போகும்போது பேப்பரில் சுற்றி ஒரு கை மீன் தந்தார். வேண்டாம் என்றால் கோபிப்பார். கந்தோர் பிரிட்ஜில் வைத்ததற்கு அன்று முழுக்க ஆளாளுக்குப் பேச்சு.)

உங்கள் கண்ணில் படாதது எங்களுக்கு மட்டும் எப்படிப் படுகிறது என்று நினைப்பீர்கள். கெட்டித்தனம் ஒன்றுமில்லை. மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடுகிற வாகனம் ஒரு செக்கனுக்கு 16 மீற்றருக்கு மேல் போய்விடும், டிம் லைட்டில் கல் தெரிவதும் அதில் ஏறுவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் நடக்கும். நான் 15இல் போகிறேன், செக்கனுக்கு நாலு மீற்றர். ரயரோ இரண்டு விரல் அகலம். மணல், போத்தல் ஓடு, ஆணி, பனங்கருக்கு எல்லாவற்றுக்கும் பயந்து ரோட்டைப் பார்த்தபடியே ஓடிப் பழகிவிட்டோம். உங்கள் பன்னிரண்டு சில்லு ஏறினால் ஒரு குலுக்கல், எங்களுக்கும் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை முன்னால் இருத்திக்கொண்டு போகிற தகப்பனுக்கும் அது பல்லும் தோள்மூட்டும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். ரோட்டில் கிடக்கிற எதையும் தொடாதே, காலாலும் தட்டாதே, சுற்றிப் போ என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஆட்கள் நாங்கள். அந்த யுத்த காலத்தில் ஒரு பார்சல் அநாதரவாகக் கிடந்தால் குண்டோ என்ற பயத்தில் வீதி முழுக்க வெறிச்சோடிவிடும். அம்மா இருக்கும்வரை அதே பயம்தான். இன்றைக்கும் ஒரு சாக்கு மூட்டை கிடந்தால் முதலில் நெஞ்சு ஒருதரம் இடித்துவிட்டுத்தான் கை போகும். அப்படியிருந்தும் குனிகிறோம்.

கல் மட்டும் இல்லை. மணல் டிப்பர் ஓட்டுகிறவர்களே, மேலே படங்கு போடுகிறீர்கள், நல்லது. பின் கதவு இடுக்கால் ஒழுகுகிற ஈர மணலை யார் பார்ப்பது? திருப்பத்தில் அது ஒரு கைப்பிடி இருந்தால் போதும், முன் சில்லு வழுக்கும். உப்புவெளிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் போத்தல் ஓடு. அதைச் செருப்பால் தள்ளப் போய் ஒருமுறை செருப்பு கிழிந்து காலும் கிழிந்தது. இப்போது பையில் ஒரு மட்டைத் துண்டு வைத்திருக்கிறேன், அல்லது விழுந்து கிடக்கிற தென்னோலையால் கூட்டித் தள்ளுகிறேன். எண்ணெய் ஒழுகியிருந்தால் கரை மணலை அள்ளிப் போட்டு மூடுகிறோம். தார்ச் சூட்டுக்கு ரோட்டில் வந்து படுக்கிற மாடுகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அரட்டினால் எழும்பிப் பத்தடி தள்ளிப் படுக்கும். மாட்டுக்காரர்களுக்கு வேறு மடல் எழுத வேண்டும்.

எங்கள் பக்கம் பிழை இல்லை என்று சொல்ல வரவில்லை. லைட் இல்லாத சைக்கிள் எத்தனையோ ஓடுகிறது, இரண்டு பேர் சோடி கட்டிக் கதைத்துக்கொண்டு போகிறார்கள், பெல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. உங்களில் நல்ல மனுசர் இருப்பதும் தெரியும். இரக்கண்டியில் ஒருமுறை எனக்குச் செயின் அறுந்தபோது, கேட்காமலே சைக்கிளைத் தூக்கி மேலே போட்டுக் கொண்டுவந்து இறக்கினவர் ஒரு பட்டாக்காரர்தான், தேத்தண்ணிக் காசும் வாங்கவில்லை. 2022இல் பெற்றோல் வரிசை வந்தபோது உங்களில் பலபேர் வீட்டுப் பழைய சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தீர்கள். அப்போது அலஸ்தோட்டத்தில் ஒரு லொறி அண்ணர் தானே இறங்கிக் கல்லைத் தூக்கிப்போட்டு, “இதெல்லாம் இவ்வளவு நாளும் இங்கயோ கிடந்தது?” என்று என்னைக் கேட்டார். கிடந்ததுதான் அண்ணை.

நான் கேட்பது மூன்றே மூன்று. வேலை முடிந்து ஏறும்போது பெடியனை ஒருதரம் பின்னால் அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அரை நிமிசம்தான். முடிந்தால் கல்லை விட்டுவிட்டு மரக்கட்டைக்கு மாறுங்கள். சில லொறிகளில் கட்டையில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிச் சட்டத்தோடு முடிந்து வைத்திருக்கிறார்கள், மறந்து புறப்பட்டாலும் நாய்க்குட்டி மாதிரி பின்னால் இழுபட்டு வரும். யார் முதலில் கண்டுபிடித்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. அப்புறம், ஒரு ஆள் நடுரோட்டில் கையை உயர்த்திக்கொண்டு குனிந்து நின்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள். ஹோர்னுக்குத் திடுக்கிட்டுத் திரும்பினால் அவர் எந்தப் பக்கம் பாய்வார் என்று அவருக்கே தெரியாது.

இனி ஒரு தகவல். போன மாரியிலிருந்து நான் தூக்கின கல்லை எல்லாம் கானுக்குள் எறியாமல், பாலம் தாண்டி இடது பக்கம் மதகடியில் நிற்கிற வேப்பமரத்தின் அடியில் அடுக்கி வைத்திருக்கிறேன். நேற்று எண்ணினேன், 23 இருக்கிறது, நல்ல கருங்கல். அந்த இடத்தில் ரயர் போனால் தேடித் திரிய வேண்டாம், அதில் இரண்டை எடுத்துப் பாவியுங்கள். முடிந்ததும் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுங்கள், எனக்குக் கணக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நீலப் பைக்காரன்