மானிய மேலாளர் வட்டங்களை வளர்த்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சகாக்களுக்கும், சம்பளமின்றி இந்த வட்டங்களை நடத்திவரும் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்க அறக்கட்டளைகளில் மானிய நிர்வாகத்தைக் கவனிப்போருக்கான உறுப்பினர் சங்கமான பீக் கிராண்ட்மேக்கிங்கில், எங்கள் வட்டாரக் கிளையின் பொறுப்பிலிருந்து இந்த மாதத்துடன் விடைபெறுகிறேன். உங்களில் பலருக்கு ஆங்கிலத்தில் தனித்தனியே எழுதிவிட்டேன். பொதுவில் ஒரு மடலைத் தமிழில் எழுதக் காரணம், இத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தமிழர்கள் சிலர், வேலையில் வரும் சந்தேகங்களைச் சகாக்களிடம் கேட்டுக்கொள்ள இப்படி வட்டங்கள் இருப்பதை அறியாமலே தனியாகத் திண்டாடுவதைப் பார்த்ததுதான். நான் அப்படித் தனியாகத் திண்டாட நேராததற்கு நீங்களே காரணம் என்பதால், அவர்களும் படிக்கும்படி உங்களுக்கு நன்றி சொல்கிறேன்.

யாருக்குப் பணம் தரலாம் என்று பரிந்துரைப்பவர் திட்ட அதிகாரி. அதற்கு ஒப்புதல் தருவது அறங்காவலர் குழு. விண்ணப்பம் வந்த நாள் முதல் இறுதி அறிக்கையைக் கோப்பில் சேர்க்கும் நாள் வரை, பெறுகிற அமைப்பின் வரிவிலக்குத் தகுதியைச் சரிபார்ப்பது, ஒப்பந்தம் எழுதுவது, தவணைகளை விடுவிப்பது, தனியார் அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தம் சொத்தில் ஏறத்தாழ 5 விழுக்காட்டைச் செலவிட வேண்டும் என்ற சட்டக் கணக்கைக் கவனிப்பது எல்லாம் மானிய மேலாளரின் தலையில் விழுகின்றன. பெரும்பாலான இடங்களில் இந்த வேலைக்கு ஒருவரோ இருவரோதான். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் கிடையாது. அறக்கட்டளைகளின் கூட்டமைப்பான கவுன்சில் ஆன் ஃபவுண்டேஷன்ஸ் 1949 முதல் இருந்தும், இந்த வேலையைச் செய்பவர்கள் 1990களில் தங்களுக்கென்று தனியாகக் கூடத் தொடங்கியது இதனால்தான். கிராண்ட்ஸ் மேனேஜர்ஸ் நெட்வொர்க் என்ற பெயரில் அன்று கூடியவர்களின் சங்கமே பின்னாளில் இன்றைய பெயரைப் பெற்றது. அந்த முன்னோடிகளுக்கு என் முதல் நன்றி.

அடுத்த நன்றி, வட்டாரக் கிளைகளைக் கட்டிய தலைமுறைக்கு. தங்கள் அலுவலகக் கூட்ட அறையைத் திறந்துவிட்டு, மதிய உணவுக்கும் ஏற்பாடு செய்து, புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசியவர்கள் அவர்கள். ஆனால் நூறு பேர் வேலை பார்க்கும் அறக்கட்டளையின் மேலாளரும், ஒரு மடிக்கணினியோடு ஒரு குடும்ப அறக்கட்டளையைத் தனியாளாக நடத்துபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தபோது, பேச்சு எப்போதும் பெரிய அறக்கட்டளைகளின் மென்பொருள் மாற்றத்தைப் பற்றியே போயிற்று. தனியாளாக வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போனார். இதைக் கவனித்து, ஊரை வைத்து மட்டுமல்லாமல் செய்யும் வேலையை வைத்தும் சேரலாம் என்று எங்களிடம் முதலில் சொன்ன இரண்டு சகாக்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன். சிறிய அறக்கட்டளைகள், ஒரு வட்டாரத்தாரின் நன்கொடைகளைத் திரட்டி அந்த வட்டாரத்துக்கே தரும் சமுதாய அறக்கட்டளைகள், நிறுவனங்களின் கொடைப் பிரிவுகள் எனத் தனித்தனி வட்டங்கள் உருவாகி, ஊர் எல்லையைத் தாண்டி இணையவழியில் கூடத் தொடங்கிய பிறகுதான், கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகள் வெளியே வந்தன.

அப்படி ஒரு கேள்வியை இங்கே சொல்ல வேண்டும். சிறிய அறக்கட்டளை ஒன்று முதன்முறையாக வெளிநாட்டு அமைப்பு ஒன்றுக்கு மானியம் தர விரும்பியது. அமெரிக்க வரிச் சட்டத்தில் இதற்கு இரண்டு வழிகள் உண்டு: அந்த அமைப்பு அமெரிக்கப் பொது அறநிறுவனத்துக்கு இணையானது என்று முறைப்படி தீர்மானித்துக்கொள்ளலாம்; இல்லையேல் செலவினப் பொறுப்பை ஏற்று, மானியத்துக்கு முன் விசாரணை, எழுத்து ஒப்பந்தம், பணத்துக்குத் தனிக்கணக்கு, ஆண்டறிக்கை, வரித்துறைக்கான படிவத்தில் விவரம் என்று ஒவ்வொன்றையும் முடிக்க வேண்டும். கேட்டவர் தம் வழக்கறிஞரிடம் போவதற்குள் எந்தத் தாள்களை எடுத்துப்போக வேண்டும் என்றுகூடத் தெரியாமல் நின்றார். எங்கள் வட்டத்தில் ஒருவர், தாம் பயன்படுத்திய விசாரணைப் படிவத்தைப் பெயர்களை அழித்துவிட்டு அன்று மாலையே அனுப்பினார். ஒவ்வொரு கேள்விக்கும் ஓரத்தில், இது எதற்காகக் கேட்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தார். சட்ட நூல்களில் அந்த ஓரக்குறிப்புகள் கிடைக்காது. வழக்கறிஞர் கட்டணம் குறைந்தது என்பதைவிட, அந்த மானியம் கைவிடப்படாமல் போய்ச் சேர்ந்தது என்பதே எனக்கு நிறைவு.

2020 மார்ச் மாதத்தை நினைக்காமல் இந்த மடல் முடியாது. பெருந்தொற்றுக் காலத்தில் மானிய நிபந்தனைகளைத் தளர்த்துவோம் என்ற பொது உறுதிமொழியில் 800-க்கும் மேற்பட்ட அறக்கட்டளைகள் கையெழுத்திட்டன. கையெழுத்திடுவது தலைவர்களின் வேலை. ஏற்கெனவே ஒரு திட்டத்துக்கென்று எழுதப்பட்ட ஒப்பந்தத்தை, அமைப்பு தன் எந்தச் செலவுக்கும் பயன்படுத்தக்கூடிய மானியமாக மாற்றுவது எங்கள் வேலை. அந்த நாட்களில் இரண்டே பத்தி கொண்ட ஒரு திருத்தக் கடிதம் வட்டத்துக்கு வட்டம் கைமாறியது. முதலில் எழுதியவர் யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. அவர் இதைப் படித்தால், என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

மானியம் பெறும் அமைப்புகளிலிருந்து எங்கள் கூட்டங்களுக்கு வந்து வெளிப்படையாகப் பேசியவர்களை உதவியவர்கள் பட்டியலில் நாங்கள் அடிக்கடி விட்டுவிடுகிறோம். பணம் தருபவரின் முகத்துக்கு நேரே உங்கள் படிவம் மோசம் என்று சொல்வது எளிதல்ல. அடுத்த ஆண்டு மானியம் அவர் கையில் இருக்கிறது. இந்தச் சங்கம் 2008-இல் ப்ராஜெக்ட் ஸ்ட்ரீம்லைன் முயற்சியின் வழியாக விண்ணப்பச் சுமையைப் பற்றி அறிக்கை வெளியிட்ட காலத்திலிருந்தே, மானியத்தில் அதைப் பெறுவதற்கான செலவு போக மிஞ்சுவது எவ்வளவு என்று பார்க்கும் நிகர மானியம் என்ற கணக்கு எங்களிடையே புழங்கிவருகிறது. 5,000 டாலர் மானியத்துக்கு விண்ணப்பமும் அறிக்கையும் எழுத 30 மணி நேரம் போனால், மணிக்கு 40 டாலர் என்று கொண்டாலும் 1,200 டாலர் அதிலேயே கரைந்துவிடுகிறது. எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு கணக்காளர், ஒரே வரவுசெலவுத் திட்டத்தை வெவ்வேறு அறக்கட்டளைகளின் எக்ஸெல் தாள்களில் மறுபடி மறுபடி தட்டெழுதியதைத் திரையில் காட்டினார். வரிசைகளின் பெயர்தான் மாறியிருந்தது, எண்கள் அவையேதான். அதன் பின் எங்கள் உறுப்பினர்களில் சிலர், அமைப்பு தனக்கென வைத்திருக்கும் வரவுசெலவுத் தாளையே ஏற்கத் தொடங்கினார்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை.

புதிய வட்டங்களை எதிர்த்தவர்களுக்கும் நன்றி சொல்வேன். வட்டாரக் கிளை வெறும் பெயர்ப்பலகையாகிவிடும் என்று அவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது. திரைவழிக் கூட்டங்கள் வந்தபின் நேரில் வருவோர் குறைந்தார்கள். உள்ளூர் அமைப்பு ஒன்று நெருக்கடியில் இருப்பதைத் தேநீர் இடைவேளையில் காதில் வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் அதோடு குறைந்தது. ஆண்டுக்கு இரண்டு கூட்டங்களாவது நேரில் நடந்தே தீர வேண்டும் என்று எங்கள் கிளை முடிவெடுத்ததற்கு அவர்களின் பிடிவாதமே காரணம். இனத்தாலும் மொழியாலும் சிறுபான்மையினராக இருக்கும் சகாக்கள் தங்களுக்கென அமைத்துக்கொண்ட குழுக்களைப் பிரிவினை என்று சிலர் குறை சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் குழுக்களில் பேசிப் பழகியவர்கள்தான் இன்று பொது மேடையில் தயக்கமின்றிக் கருத்துச் சொல்கிறார்கள்.

கூட்டக் குறிப்புகளை எழுதியவர்களுக்கும், மூன்று நேர மண்டலங்களுக்குப் பொருந்தும் நேரத்தைத் தேடித் தேடிச் சலித்தவர்களுக்கும், இந்த வேலைக்காக அலுவலக நேரத்தை விட்டுக்கொடுத்த மேலதிகாரிகளுக்கும், சங்க அலுவலகப் பணியாளர்களுக்கும் நன்றி.

படிவ மாதிரிகள், கூட்டக் குறிப்புகள், உறுப்பினர் பட்டியல் அடங்கிய கோப்புறையைப் புதிய இணைத் தலைவர்கள் இருவரிடமும் ஒப்படைத்துவிட்டேன். வெளிநாட்டு மானியம் பற்றிய ஓரக்குறிப்புகள் மூன்றாவது கோப்பில் இருக்கின்றன. சட்ட விவரங்களை ஒருமுறை சரிபார்த்துவிட்டுப் பகிரவும்.

நன்றியுடன்,
உங்கள் வட்டாரக் கிளையின் முன்னாள் பொறுப்பாளர்