டெக்சஸில் மனு போடாதே

அன்புள்ள மகளுக்கு,

போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். டெக்சஸில் புதிதாக மனு போட்டால் சைல்ட் சப்போர்ட் (பிள்ளைக்காக அவன் அப்பா மாசாமாசம் கொடுக்கும் பணம்) கூடும் என்று யாரோ சொன்னார்களாமே, அதைக் கேட்காதே. போட்டாலும் அங்கே தொகையை மாற்ற மாட்டார்கள்.

உன் சைல்ட் சப்போர்ட் ஆர்டர் நியூயார்க் குடும்ப நீதிமன்றம் கொடுத்தது. நீயும் பேரனும் டெக்சஸில் டாலஸுக்குப் போய்விட்டாலும் மாப்பிள்ளை இன்னும் நியூயார்க்கில், குயின்ஸில்தான் இருக்கிறார் (இத்தனை நடந்த பிறகும் எனக்கு மாப்பிள்ளை என்றுதான் வாயில் வருகிறது, விடு). அப்பா, அம்மா, பிள்ளை மூவரில் ஒருவராவது ஆர்டர் கொடுத்த மாநிலத்தில் குடியிருக்கும்வரை அதை மாற்றும் அதிகாரம் அந்த மாநிலத்துக்கு மட்டும்தான், நீங்கள் இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் ஒழிய. யூஃப்சா (UIFSA) என்று ஒரு சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சைல்ட் சப்போர்ட் வழக்குகளுக்கானது, 1996-ல் அமெரிக்க நாடாளுமன்றம் கட்டாயப்படுத்தியதால் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. அதற்கு முன் ஒரே பிள்ளைக்கு இரண்டு மாநில ஆர்டர்கள் இரண்டு தொகையோடு ஒரே சமயத்தில் ஓடும். கம்பெனியில் சம்பளம் போடும் பே ரோல் வேலையில் இருந்த எனக்கு அந்தத் தலைவலி தெரியும்.

சரி, டெக்சஸ் கணக்கு உனக்கு லாபமா என்றால் அதுவும் இல்லை. அங்கே ஒரு பிள்ளைக்கு 20 சதவீதம், நியூயார்க்கில் 17 என்று நீ ஒப்பிட்டாய். ஆனால் டெக்சஸில் அது கொடுப்பவருடைய வருமானத்தில் வரியெல்லாம் போன மிச்சத்தில். நியூயார்க்கில் மத்திய, மாநில வருமான வரிக்கு முந்தைய தொகையில், உங்கள் இருவர் சம்பளத்தையும் ஒரு வரம்புவரை கூட்டி, அதில் அவர் பங்கு. அதைவிட முக்கியம், டெக்சஸில் பதினெட்டு வயதோ ஹைஸ்கூல் முடிவதோ, எது பின்னால் வருகிறதோ அதோடு சரி. நியூயார்க்கில் 21 வயதுவரை. பையன் காலேஜ் போகிற வருஷங்களை நீயே கைகழுவப் பார்த்தாயே!

இப்போது நிஜமான அவசரம். அவர் கலிபோர்னியாவுக்கு வேலை மாற்றிக்கொண்டு போகப்போகிறார் என்றாய். போய்விட்டால் நியூயார்க்கில் யாருமே இல்லை. அப்புறம் தொகையைக் கூட்ட வேண்டுமானால் நீ கலிபோர்னியாவுக்குப் போய்க் கேட்க வேண்டும், அங்கத்திய கணக்குப்படி. குறைக்க வேண்டுமானால் அவர் டெக்சஸுக்கு வர வேண்டும். மாற்றம் கேட்கிறவர் எதிராளியின் ஊருக்குத்தான் போகணும், சொந்த ஊர் மைதானம் யாருக்கும் கிடையாது. அப்போதும் 21 வயது மாறாது, ஏனென்றால் எத்தனை வருஷம் கொடுக்க வேண்டும் என்பதை முதல் ஆர்டர் கொடுத்த மாநிலத்துச் சட்டம்தான் கடைசிவரை தீர்மானிக்கும். தொகை மட்டும்தான் ஆடும்.

அதனால் கூட்டிக் கேட்பதென்றால் அவர் கிளம்புவதற்குள் நியூயார்க்கில் மனுவைப் போடு. மனு போடும் நாளில் அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதுதான் கணக்கு, பிறகு அவர் எங்கே போனாலும் அந்த மனுவை நியூயார்க்கே விசாரிக்கும். ஆர்டர் வந்து மூன்று வருஷம் தாண்டியிருந்தாலோ யாராவது ஒருவர் வருமானம் 15 சதவீதம் மாறியிருந்தாலோ கேட்கலாம், நீங்கள் இருவரும் போட்ட ஒப்பந்தத்தில் அந்த உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடாமல் இருந்தால். போட்டாயா என்று எடுத்துப் பார். நீ நேரில் போக வேண்டியதில்லை, போனிலேயே சாட்சி சொல்ல வெளிமாநிலத்தவர்களுக்கு அந்த யூஃப்சா சட்டம் இடம் கொடுக்கிறது. டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில்தான் அங்கே சைல்ட் சப்போர்ட் பார்க்கிறார்கள், அவர்கள் வழியாகவும் அனுப்பலாம்.

வசூலைப் பற்றிக் கவலை வேண்டாம். சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சொல்லும் உத்தரவை அவருடைய புதுக் கம்பெனிக்கே நேராக அனுப்பலாம், கலிபோர்னியா நீதிமன்றத்தில் முதலில் பதிய வேண்டிய அவசியமில்லை. வெளிமாநிலக் காகிதம் என்று பே ரோலில் ஒதுக்கி வைக்க முடியாது. சம்பளத்தில் அதிகபட்சம் எவ்வளவு பிடிக்கலாம் என்பது போன்ற சிலவற்றுக்கு மட்டும் அவர் வேலை பார்க்கும் மாநிலத்துச் சட்டத்தைப் பார்ப்பார்கள். கட்டாமல் விட்ட பாக்கியை பின்தேதியிட்டுக் குறைக்கவும் எந்த நீதிமன்றத்தாலும் முடியாது, 1986-லிருந்தே அப்படி.

பையனை லீவுக்கு அனுப்பமாட்டேன் என்று கோபத்தில் சொன்னாயே, அதை இதோடு சேர்க்காதே. அது வேறு வழக்கு, வேறு சட்டம். பணம் வரவில்லை என்று பிள்ளையைத் தடுக்கவும் கூடாது, பிள்ளையைக் காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்தவும் கூடாது.

வக்கீலிடம் போகும்போது ஆர்டர் நகல், ஒப்பந்தம், இரண்டு வருஷ வரித் தாக்கல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போ. நியூயார்க் வக்கீலாகப் பார், டாலஸ் வக்கீல் வேண்டாம். இந்த வாரத்துக்குள் செய்.

அம்மா