ஹோமருக்குப் படம் போட்டவர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பண்டைய கிரேக்க ஜாடி ஓவியங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். படங்கள் நன்றாக அச்சாகியிருந்தன. ஆனால் படிக்கத் தெரியாத மக்களுக்காக கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட், ஒடிசி காவியங்களை ஜாடிகளில் படமாக வரைந்து வைத்தார்கள் என்று ஒரு வரி வருகிறதே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நீங்கள் முதலில் போட்டிருக்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம். வத்திக்கானில் இருக்கும் ஜாடி, கி.மு. 540–530 வாக்கில் ஏதென்சில் எக்சீகியாஸ் என்ற குயவர்-ஓவியர் செய்தது. போர்க்களத்துக்கு நடுவே, ட்ராய் போரில் சண்டையிட்ட கிரேக்க வீரர்கள் அக்கிலீசும் அயாக்சும் ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் குனிந்து உட்கார்ந்து விளையாடுகிறார்கள், ஈட்டியைக்கூடக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை, அக்கிலீஸ் தலைக்கவசத்தையும் கழற்றவில்லை. ஒருவன் வாயருகே 'நான்கு', இன்னொருவன் வாயருகே 'மூன்று' என்று எழுதியிருக்கிறது. இருவர் பெயரும் எழுதியிருக்கிறது. போதாததற்கு, எக்சீகியாஸ் என்னைச் செய்தான், தீட்டினான் என்று ஜாடியே சொல்வது போலக் கையெழுத்து வேறு. படிக்கத் தெரியாதவர்களுக்கு என்றால் இத்தனை எழுத்து எதற்கு? ஃப்ளாரன்சில் இருக்கும் பிரான்சுவா ஜாடியில் நூறுக்கு மேல் எழுத்துப் பொறிப்புகள் உண்டு, அதில் நாய்களுக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம், இந்த விளையாட்டு இலியட்டிலும் இல்லை, ஒடிசியிலும் இல்லை. யார் கதையிலிருந்து எடுத்தாரோ, தானே யோசித்தாரோ. ஆனால் அது பலருக்கும் பிடித்துப்போய், பின்னால் வந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட ஜாடிகளில் அதே காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள்.

அதே எக்சீகியாஸ் அயாக்சின் சாவையும் தீட்டினார். அந்த ஜாடி பிரான்சில், பூலோன் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அக்கிலீஸ் இறந்த பிறகு அவனுடைய ஆயுதங்கள் தனக்குக் கிடைக்காமல் இன்னொரு கிரேக்க வீரனான ஒடிசியசுக்குப் போன அவமானத்தில் அயாக்ஸ் தன் வாள்மேல் விழுந்து சாகிறான் என்பது கதை. மற்ற ஓவியர்கள் வாள் பாய்ந்து கிடக்கும் உடலைக் காட்டினார்கள். இவர் காட்டுவது அதற்குச் சற்று முன்னால்: அயாக்ஸ் தனியாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாளைத் தலைகீழாக நட்டு, அது சாயாமல் இருக்க மண்ணைக் கையால் தட்டித் தட்டிக் கெட்டிப்படுத்துகிறான். ஏதோ செடி நடுகிறவன் மாதிரி. நெற்றியில் கோடுகள், பக்கத்தில் ஒரு மரம், அவ்வளவுதான்.

சரி, ஹோமரில் இருக்கும் கதையையே தீட்டும்போதாவது ஹோமர் சொன்னபடி தீட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. பாரிசில் ஸ்பார்ட்டா நாட்டுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ் ஒடிசியசின் ஆட்களைத் தின்கிறான், பிறகு மது குடிக்கிறான், பிறகு தூங்கும்போது அவன் கண்ணைக் குத்துகிறார்கள், இது ஒடிசியில் வரும் வரிசை. கிண்ணத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. உட்கார்ந்திருக்கும் அரக்கன் கைகளில் தின்றது போக மிச்சமிருக்கும் மனிதக் கால்கள், எதிரில் மதுக்கிண்ணம் நீட்டுகிறார்கள், அதே சமயம் தோள்மேல் தூக்கி வந்த கழியும் கண்ணுக்கு நேரே வந்துவிட்டது. இரண்டு கையிலும் காலை வைத்துக்கொண்டு கிண்ணத்தை எப்படி வாங்குவான் என்று கேட்டால் பதில் கிடையாது. ஓவியருக்கு அது கவலையும் இல்லை, கதை தெரிந்தவர்கள்தானே பார்க்கப்போகிறார்கள்.

யூஃப்ரோனியஸ் என்ற ஓவியர் தீட்டிய சார்ப்பெடான் ஜாடியை வேண்டுமானால் நீங்கள் சொல்லலாம். சார்ப்பெடான் ட்ராய் போரில் செத்த ஒரு வீரன். நித்திரையும் மரணமும் இரண்டு சிறகுள்ள வீரர்களாக வந்து அவன் பிணத்தைத் தூக்குவது இலியட்டில் இருப்பதுதான். ஆனால் நடுவில் நிற்கிற ஹெர்மிஸ் கடவுள்? இலியட்டில் அந்த வேலை இன்னொரு கடவுளான அப்பொல்லோவுடையது.

இன்னொரு சின்னத் திருத்தம். ஜாடிகளில் இருக்கும் கறுப்பு நிறத்தைக் கட்டுரையில் 'கறுப்புச் சாயம்' என்று எழுதியிருந்தார்கள். அது சாயம் இல்லை, நன்றாக வடித்தெடுத்த களிமண் குழம்பு. சூளையில் காற்று விட்டு, பிறகு காற்றை அடைத்து, மறுபடி திறந்துவிட்டுச் சுடும்போது குழம்பு பூசிய இடம் மட்டும் கறுப்பாகவே நின்றுவிடும், மற்ற இடம் திரும்பச் சிவக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வத்திக்கான் ஜாடியில் நீங்கள் போட்டது ஒரு பக்கம்தான். மறுபக்கத்தில் கிரேக்கக் கதைகளில் வரும் இரட்டைச் சகோதரர்கள் காஸ்டரும் போலிடியூசசும் வீடு திரும்புகிறார்கள், நாய் ஒன்று போலிடியூசஸ் மேல் தாவுகிறது, அவன் அதைக் குனிந்து பார்க்கிறான். அதையும் ஓர் இதழில், முடிந்தால் கொஞ்சம் பெரிதாக, போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்